முறுக்குக் கம்பியைக் கழற்றிய பிறகு

குதிரை மிரண்டு ஓட ஆரம்பித்ததும் நம் கை தானாக இழுக்கும். நேற்று வேலைக்கு வந்த உங்களுக்கும் இழுக்கும், தலை நரைக்கும்வரை இதிலேயே இருந்த எனக்கும் இழுக்கும். அதை யாரும் முழுதாக நிறுத்த முடியாது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், அவ்வளவுதான்.

நீங்கள் எல்லோரும் சவாரி கற்றுக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தக் குதிரைக்கு எந்தப் பிட், அதாவது வாயில் மாட்டும் கடிவாளக் கம்பி, எந்த வயதில் என்ன பழக்கம் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது சிட்டு என்ற ஒரு பெண் குதிரையைப் பற்றி. அவளால் எனக்குச் சில மாதங்கள் ராத்தூக்கம் போனது.

அப்போது இரும்புலியூரில் பைபாஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. என் வீடும் அங்கேதான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் புழுதிக்குள் புகுந்து, ஸ்கூட்டியில் தாம்பரம் வந்து, முடிச்சூர் தாண்டிப் படப்பை போகும் சாலையில் போய், ஒரு மண் பாதையில் திரும்ப வேண்டும். நான் வேலை பார்த்த சவாரிப் பள்ளி அந்தப் பாதையின் கோடியில் இருந்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்பு கேட். கேட்டைத் தாண்டினால் மண் பாதை. அதன் முனையில் ஒரகடம் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் ஓடும் பெரிய சாலை. ஒரு குதிரை ஆளோடு அந்தச் சாலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் நினைக்காத நாளே இல்லை.

சிட்டு பந்தயத்துக்கு வளர்க்கப்பட்டவள். அங்கே சோபிக்கவில்லை. ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. சவாரிக் குதிரையாக அவள் வெறும் பச்சை, எந்தப் பழக்கமும் இல்லை. அவளை முதலில் வாங்கியவர், நிற்க மாட்டேன் என்கிறாளே என்று, முறுக்குக் கம்பியால் செய்த மெல்லிய பிட் ஒன்றை வாயில் மாட்டி, தாடைக்கு அடியில் சங்கிலியும் போட்டு ஓட்டியிருக்கிறார். கடிவாள வாரை இழுத்தால் கம்பி ஈறில் பதியும், சங்கிலி தாடையை நெருக்கும். வலிக்குப் பயந்து அவள் இன்னும் வேகமாக ஓடுவாள். அவர் இன்னும் பலமாக இழுப்பார். கடைசியில் அலுத்துப்போய், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர்களிடம் தள்ளிவிடப் பார்த்தார்.

அப்போது எங்களிடம் சவாரி கற்றுக்கொண்டிருந்த கல்பனாதான் அவளை வாங்கினார். பம்மலில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர், வீடு பொழிச்சலூரில். வாங்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஒருநாள் லாயத்துக்கு வெளியே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

"மேடம், எனக்கு இவ மேல ஏறவே பயமா இருக்கு. ஆனா வேற யார்கிட்டயும் விடவும் மனசு வரல. நான் என்ன பண்றது?"

"முதல்ல வாயைப் பார்ப்போம்," என்றேன்.

கிளினிக்கிலிருந்து சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் கொண்டுவந்தார். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் உதட்டை விலக்கிப் பார்த்தார். பிட் உட்காரும் இடத்தில், பல் இல்லாத அந்த ஈறில், பழைய புண் ஆறி அதன்மேல் புதுப் புண். நாக்கின் ஓரத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. டார்ச்சை அணைத்தார். "என் பேஷண்டுக்கு இப்படி இருந்தா அவங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க," என்றார்.

முறுக்குக் கம்பியை அன்றே கழற்றினேன்.

கழற்றியது எனக்குச் சுலபமாக இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. ஏழுமலை நேராக வந்து சண்டை போட்டார். எங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் கடற்கரையில் குதிரை விட்டுப் பழகி இந்தப் பக்கம் வந்தவர். சிட்டு வந்த புதிதில் அவரைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போனதில் வலது தோள் கழன்று, அதற்குப் பிறகு அந்தக் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது.

புண் ஆறும்வரை வாயில் எதையும் வைக்காமல் விட்டு, பிறகு தடித்த, நடுவில் மூட்டு வைத்த, ரப்பர் சுற்றிய ஒரு பிட்டை நான் எடுத்து வந்தபோது, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கொயந்த கடிக்கிற சாமான் மாரி கீது? இத்த மாட்டிகினு மேல ஏறினா அது படப்பைல போய்தான் நிக்கும்."

"நின்னா சரி," என்றேன்.

"சிரிப்பு இல்லக்கா. நீ மட்டும் வியுந்தா பரவால்ல. டாக்டரம்மா வியுந்தா?"

பிட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

பள்ளி முதலாளிக்கும் கவலை. நல்ல மனிதர். ஆனால் எப்போதோ ஒரு மாணவி விழுந்து, அவளைத் தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அந்தப் பெண் பிழைத்து நடக்கிறாள் என்றாலும் அவர் அந்தக் காரை விற்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க பேச்சுக்கு நான் மறுப்புச் சொல்லல. ஆனா இவ ஆளோட ஒரே ஒரு தடவை பிச்சுக்கிட்டு ஓடினாலும், ஒண்ணு பழைய கம்பியை மாட்டணும், இல்ல இவ இங்கேயிருந்து போகணும்." போவது என்றால் ஊர்வலத்துக்காரர்களிடம்தான். ஓடுகிற குதிரை என்று பெயர் எடுத்துவிட்டால் வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

பிட்டில் வெல்லம் தடவி அவளாகவே வாயைத் திறக்கவைத்தோம். ஆனால் வாங்கிக்கொண்ட பிறகும் அவள் நிம்மதியாக இல்லை. நான் வாரைத் தொடுவதற்கு முன்பே தலையை வெடுக்கென்று தூக்குவாள். வலி போய்விட்டது, வலி வரப்போகிறது என்ற நினைப்பு போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் உடம்பு இறுகும். நான் இறுகினால் அது அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தோம்.

அதனால் கொஞ்ச காலம் அவள்மேல் ஏறுவதையே விட்டேன். மைதானத்தின் நடுவில் நான் நிற்பேன். நீளக் கயிற்றில் அவள் என்னைச் சுற்றி ஓடுவாள். ஓடி முடித்ததும் நான் மூச்சை நீளமாக விட்டு, தோளைத் தளர்த்தி, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வேன். அதற்கு அர்த்தம், வேலை முடிந்தது, வா. அவள் வேகத்தைக் குறைத்து நடுவுக்கு வந்து என் தோளில் மூக்கை வைப்பாள். நெற்றியைத் தேய்த்துவிடுவேன். இதை அவள் மிகவும் விரும்பினாள். நாளாக ஆக, கயிறு இல்லாமலும் வந்தாள். நான் மேலே ஏறி, தளர்ந்த வாரோடு நடத்தியபோதும் தலையைத் தூக்குவது குறைந்தது. பிறகு கல்பனாவும் ஏற ஆரம்பித்தார், நடையில் மட்டும்.

"எங்க வீட்டு மேல ஃப்ளைட் போறப்ப ஆரம்பத்துல காதைப் பொத்திக்குவோம்," என்றார் ஒருநாள். "இப்பல்லாம் பேச்சை நிறுத்திட்டு, அது போனதும் விட்ட இடத்துலேர்ந்து பேசுவோம். இவளும் அப்படி ஆயிடுவாளா?"

ஆகிவிடுவாள் என்று சொன்னேன். எனக்கு நிச்சயமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கல்பனா முதல்முறையாக அவளைச் சின்ன ஓட்டத்தில் விட்டிருந்தார். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற லாரி வந்திருந்ததால் கேட் இரண்டு கதவும் திறந்து கிடந்தது. முதலாளி லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் சுவர் ஓரமாக நின்று கல்பனாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மண் பாதையில் சாவு மேளம் கேட்டது. பக்கத்துத் தெருவில் யாரோ இறந்துபோய், பாடையை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கேட்டை மூடச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

சிட்டு நாலு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தாள். கல்பனா இரண்டு கையாலும் வாரை வயிற்றுவரை இழுத்தார். வாயில் பழைய கம்பி இருந்திருந்தால், அந்த இழுப்புக்கு அவள் பின்னங்காலில் நிமிர்ந்து, மல்லாந்து, கல்பனாவின் மேலேயே விழுந்திருப்பாள். இது என் ஊகம் இல்லை. அப்படி விழுந்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். தடித்த பிட்டுக்கு அவள் நிமிரவில்லை. தலையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

சுவரை ஒட்டி ஒரு சுற்று. மைதானத்தின் நீளத்தில் அவள் வரும்போது எதிரே கேட் திறந்திருந்தது.

"இழுங்க டாக்டர்! இழுங்க!" என்று முதலாளி கத்தினார். லாரிக்காரர் கத்தினார். ஏழுமலை கேட்டைப் பார்த்து ஓடினார். இரும்புக் கதவை இழுத்து மூட அந்தத் தோளால் முடியவில்லை. மூட முடியாது என்று தெரிந்ததும், அவர் கேட்டின் நடுவில் நின்று முடிந்த மட்டும் கைகளை விரித்து வீச ஆரம்பித்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்கு இப்படி ஒரு நிமிடம் வரும்போது, உங்களைச் சுற்றி இருக்கும் எல்லாரும் ஒரே திசையில் ஓடுவார்கள். ஆபத்து எங்கே இருக்கிறதோ அந்தத் திசையில். நீங்களும் ஓடுவீர்கள். நானும் இரண்டு எட்டு ஓடினேன். ஓடும்போது ஒன்று புரிந்தது: நான் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் போய்விடுவாள். அப்படியே போய்ச் சேர்ந்தாலும், கை வீசுகிற இன்னொரு ஆள்தான் நான். பயந்த குதிரை கை வீசுகிறவர்களைக் கண்டு நிற்காது. விலகித் திரும்பும், மேலே இருப்பவர் பறந்து போய் விழுவார். இல்லையென்றால் தாண்டிப் பாயும்.

கல்பனாவிடம் கத்திச் சொல்லவும் வழியில்லை. மேளச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது. கத்தினால் சிட்டுவுக்கு இன்னும் ஒரு சத்தம்.

அவளைத் தடுக்க என்ன செய்வது என்ற கேள்வியை விட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று யோசித்தேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஏழுமலை! கையைக் கீழ போடு! ஆடாம நில்லு!" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, கேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மைதானத்தின் நடுவுக்கு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றேன். தோளைத் தளர்த்தினேன். மூச்சை வெளியே விட்டேன். பின்னால் குளம்புச் சத்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவளுக்கு அது வேறு அர்த்தம். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சாகப் போகிறாளா இல்லையா என்று பார்க்காமல் நிற்க வேண்டும். அதுபோல ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

குளம்புச் சத்தம் கேட்டை நெருங்கியது. பிறகு மண்ணில் ஒரு சறுக்கல். பிறகு சத்தம் பக்கவாட்டில் கேட்டது. வளைகிறாள். ஒரு பெரிய வட்டம், அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையானது. சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது. தோளில் மூக்கை வைத்துவிட்டு, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு நின்றாள்.

மேளம் பெரிய சாலைப் பக்கம் போய்த் தேய்ந்தது. நான் திரும்பியபோது கல்பனா பிடரி மயிரில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தார். இறக்கிவிட்டேன். இறங்கியதும் சுவர் ஓரம் போய் வாந்தி எடுத்தார். முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எவ்வளவு நிதானமா வாரைத் தளர்த்தினீங்க டாக்டர்! நான் இழுங்கன்னு கத்தறேன், நீங்க கேக்கவே இல்லையே," என்றார். கல்பனா தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

முதலாளி போன பிறகு கல்பனா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் எதையும் தளர்த்தல மேடம். முதல்ல உயிர் போற மாதிரி இழுத்தேன். அப்புறம் விழுந்துடுவோம்னு ரெண்டு கையாலயும் பிடரியைப் புடிச்சுக்கிட்டேன். வார் எங்க போச்சுன்னே எனக்குத் தெரியாது."

"அதுவே போதும்," என்றேன்.

மென்மையான பிட் எதற்கு என்று உங்களிடம் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். எல்லாம் நன்றாக நடக்கும் நாளுக்காக நாம் அதைப் போடுவதில்லை. மேலே இருப்பவர் பயத்தில் தப்பாகச் செய்யும் அந்த ஒரு கணத்துக்காகப் போடுகிறோம். கல்பனா செய்த தப்பு சிட்டுவின் வாயில் காயமாகவில்லை. காயமாகாததால்தான் பிடி தளர்ந்ததும் அவளுக்குச் சுற்றிலும் பார்க்கத் தோன்றியது. பார்த்தபோது ஏழுமலை அசையாமல் நின்றார், நான் நடுவில் நின்றேன்.

ஏழுமலை பீடி பற்றவைக்க முயன்று தீக்குச்சிகளை வீணடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நேரா என் மூஞ்சிக்கு வந்திச்சுக்கா. கைய கீய போடுன்னு நீ சொல்ட்ட. போட்டுட்டேன். அப்பால பாத்தா நீ பாட்டுக்குத் திரும்பிகினு நடந்து போற. உன்ன அசிங்கமா திட்டினேன். காதுல வுயலல தான?"

"விழல."

"அப்போ சரி," என்றார்.

முதலாளி விடுவதாக இல்லை. "இன்னிக்கு ஏதோ தப்பிச்சோம். நான் முன்னாடியே சொல்லியிருக்கேன். நாளைலேர்ந்து பழைய கம்பி."

"பழைய கம்பி இருந்திருந்தா இன்னிக்கு டாக்டரை நீங்க தூக்கிட்டுப் போயிருப்பீங்க சார்."

அவர் முகம் மாறிவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. கேட்டுவரை நடந்து திரும்பி வந்து, "உள்ள சுத்தி வர்றது வேற. நாளைக்குக் காலையில கேட்டுக்கு வெளியில, மண் பாதையோட முனை வரைக்கும் இந்தப் பிட்டோடயே நீங்க ஓட்டிக்கிட்டுப் போய்த் திரும்பி வாங்க. வந்துட்டா நான் இதைப் பத்திப் பேசல," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. இன்று மிரண்ட குதிரை, வெடி வெடித்த அதே பாதை, பாதை முனையில் கம்பெனி பஸ். மறுப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் மறுத்தால் கம்பி வந்துவிடும்.

காலையில் போனபோது கல்பனா கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு நின்றிருந்தார். "நான் ஏறல. பக்கத்துல நடந்து வரேன்," என்றார். ஏழுமலை முன்னால் நடந்தார். நான் ஏறினேன்.

கேட்டைத் தாண்டியதும் சிட்டுவின் காதுகள் விறைத்தன. பாதை முழுக்க நேற்றைய ஊர்வலத்தின் மிச்சம்: உதிரிச் சாமந்தி, வெடித்த சரவெடியின் சிவப்புக் காகிதம், நசுங்கிய ரோஜா. கந்தக வாசனைகூட இன்னும் இருந்தது. அவள் அடியெடுத்து வைக்கவில்லை. என் விரல்கள் வாரை இறுக்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறுக்காதே என்று சொன்னால் கேட்கிற விரல்களாக அவை இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

பாதை முனையில் கம்பெனி பஸ் ஒன்று நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் உடம்பு எனக்குக் கீழே ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டது. கல்பனா நடையை நிறுத்தினார், ஆனால் வாரைப் பிடிக்க வரவில்லை. பஸ் போனது. சிட்டு மூக்கால் உரக்க ஊதினாள். பிறகு மெல்லத் தலையை இறக்கினாள். வார் என் கையிலிருந்து நீண்டு நீண்டு போனது, விட்டேன். தரைவரை தலையைக் கொண்டுபோய், கரிந்த காகிதத்தை முகர்ந்து, ஒரு சாமந்தியை உதட்டால் எடுத்து, பிட்டோடு சேர்த்து மென்றாள்.

"சாவுப் பூவ துன்னுது பாருக்கா," என்று ஏழுமலை சிரித்தார்.

முனைவரை போனோம். அங்கே லாரிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். திரும்பலாம் என்று நான் சொன்னபோது கல்பனா சேணத்தில் கை வைத்தார்.

"இறங்குங்க மேடம். திரும்பிப் போறப்ப நான் ஏறிக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் கை சேணத்தை விடவில்லை. இறங்கினேன். சிட்டுவின் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவளும் அசையவில்லை. பிறகு குனிந்து, கல்பனா காலை வைத்து ஏறுவதற்கு அங்கவடியைப் பிடித்தேன்.